நோட்டு அட்டையில் வந்த எட்டுத் தாள்கள்

எட்டாம் வகுப்பில் நான் காதல் கடிதத்தோடு பிடிபட்டேன் என்று உங்களில் பாதிப் பேர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் பழைய வகுப்புப் படம் வந்தபோது அந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது. அது யாருக்கு எழுதிய கடிதம் என்று இரண்டு பேர் பந்தயம்கூடக் கட்டினீர்கள். எல்லோரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டோம், இனி எதை மறைக்க? பிடிபட்டது உண்மைதான். ஆனால் என் பையில் இருந்தவை கிட்டாருக்காக எழுதிய இசைத் தாள்கள். அதிலும் பெரும்பாலானவை, உங்கள் நோட்டுகளிலிருந்து நான் உரித்தெடுத்த அட்டைகள். நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பாப்பாரப்பட்டியில் சந்தைக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. அப்பா ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். துபாய்க்கு வேலை கிடைத்ததும் தன் சாமான்களை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு விமானம் ஏறினார். ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கறுப்பு உறைக்குள் ஒரு கிட்டார். வாளியும் அடுப்பும் அன்றைக்கே வேலைக்கு வந்துவிட்டன. கிட்டாரை அம்மா அரிசி மூட்டைமேல் படுக்க வைத்தார்.

உறையின் ஜிப்பைத் திறந்தால் பாலிஷும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை குப்பென்று வரும். ஆறு நரம்புகள். மூன்று வெறும் நைலான், மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு மாதிரி. மூன்று, வெள்ளிக் கம்பி சுற்றியவை. உறையின் பக்கப் பைக்குள் ஒரு சின்னப் புத்தகமும் கிடந்தது. ஐந்து கோடுகளில் எந்தப் புள்ளி எந்த நரம்பில் எங்கே இருக்கிறது என்று அதில் படம் போட்டிருந்தார்கள். ஒரு வலது கையின் படமும் இருந்தது. கட்டைவிரலுக்குப் பி, அடுத்த விரலுக்கு ஐ, அதற்கடுத்து எம், பிறகு ஏ என்று பெயர்; இடது கை விரல்களுக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை எண். அந்தக் கோடை விடுமுறை முழுக்க அதை வைத்துக்கொண்டு தடவித் தடவிக் கோடுகளைப் படிக்கப் பழகினேன். புத்தகத்தில் இருந்த பாட்டுகளோ நான்கே நான்கு, ஒவ்வொன்றும் இரண்டே வரி. மே மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோயின. கைக்கு ஓடத் தெரிந்துவிட்டது, ஓட இடம் இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. அந்த வருஷம் கடைத்தெருவில் காக்கித் தாள் கிடைக்கவில்லை. நோட்டுக் கடைக்காரர் எங்கிருந்தோ தடித்த வெள்ளைத் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தார். ஒரு பக்கம் ஏதோ எழுதியிருக்கும், மறுபக்கம் வெறுமை. நீங்கள் எழுத்தை உள்பக்கம் மடித்து, வெள்ளை வெளியே தெரிய அட்டை போட்டுக்கொண்டீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பலகாரக் கடைக்காரர் மகள் மட்டும் தன் புவியியல் நோட்டுக்கு எழுத்து வெளியே தெரிய மடித்திருந்தாள். அது கோலம் மாதிரி அழகாக இருக்கிறதாம்.

காவிரி ஒகேனக்கல்லில் எப்படி இறங்குகிறது என்று ஆசிரியர் பலகையில் வரைந்துகொண்டிருந்தபோதுதான் நான் அந்த நோட்டைச் சரியாகப் பார்த்தேன். ஐந்து கோடுகள். புள்ளிகள். புள்ளிகளுக்குப் பக்கத்தில் பொடிப் பொடியாக எண்கள். கோடுகளுக்குக் கீழே பி, ஐ, எம், ஏ. என் காதுகள் சூடாகிவிட்டன. உலகத்தில் எத்தனையோ வாத்தியங்கள் இருக்க, என் வகுப்பில், என் பெஞ்சில், கிட்டாருக்கு எழுதிய ஒரு தாள் வந்து உட்கார்ந்திருந்தது. காவிரி மேட்டூர் போய்ச் சேர்வதற்குள் நான் அவள் நோட்டின்மேல் விரல்களை ஆட்டி முதல் வரியை முடித்திருந்தேன்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை, மத்தியான இடைவேளையில் அட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சீருடை மாற்றாமல் கிட்டாரை எடுத்தேன். முதல் நான்கு கட்டங்களுக்கே ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை கிட்டார் என்றால் மொத்தமாக வருடுவது, இல்லையென்றால் ஒற்றை ஒற்றையாகத் தட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். இந்தத் தாளில் கட்டைவிரல் கீழே ஒரு சுரத்தை மீட்டி அது ஒலிக்கட்டும் என்று விட்டுவிடுகிறது. அது அடங்குவதற்குள் மற்ற விரல்கள் மேலே ஏறி இறங்கி ஓடி வருகின்றன. ஒரே வாத்தியத்தில் இரண்டு பேர். ஒருவர் நிதானமாக நடக்கிறார், மற்றவர் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார், ஆனால் வரியின் முடிவில் இருவரும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். முதல்முறை அவர்கள் அப்படிச் சேர்ந்து நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மா மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார். ரேடியோவை யார் போட்டது என்று பார்க்க வந்தாராம்.

தாளின் மூலையில் நான்கு என்று எண் போட்டிருந்தது. இசையும் நடுவில் தொடங்கி நடுவில் அறுந்தது. அப்படியென்றால் மூன்றும் ஐந்தும் எங்கோ இருக்கின்றன. எங்கோ என்ன, நம் வகுப்பில்தான்.

மறுநாளிலிருந்து நானும் பலகாரக் கடைக்காரர் மகளும் வேட்டையில் இறங்கினோம். யார் நோட்டு தடித்த வெள்ளை அட்டையில் இருக்கிறதோ அதை இரவல் வாங்குவோம், ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்ப்போம். கணக்குத் தாள், ஆஸ்பத்திரிப் பட்டியல் என்று பலதும் வந்தன. ஐந்து கோடு தெரிந்துவிட்டால் அவள் என் தொடையைக் கிள்ளுவாள். பேரம் பேசுவது அவள் பொறுப்பு. ஐந்தாம் தாள் ஒரு பொட்டலம் காராபூந்திக்குக் கிடைத்தது. இரண்டாம் தாளை ஏரியூர் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள் கொடுத்தாள், பதிலுக்கு ஒரு மாதம் அவளுக்கு நான் படம் வரைந்து கொடுக்க வேண்டும். மூன்றாம் தாளுக்குப் புது காலண்டர் அட்டை கேட்டார்கள். அதை எங்கள் சுவரிலிருந்தே கழற்றினேன். அம்மா இரண்டு நாள் தேதி தெரியாமல் தவித்தார்.

ஏழாம் தாள்தான் படுத்திவிட்டது. அதை வாங்கியவள் வத்தல்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அட்டை போட மிஞ்சிய அந்தத் தாளில் எதையோ பொட்டலம் கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டாளாம். லீவுக்குப் போனால் தேடிப் பார்க்கிறேன் என்றாள். பதினைந்து நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அவள் திரும்பி வந்தபோது நான்காக மடித்த தாளைப் பாவாடைக்குள்ளிருந்து எடுத்தாள். "சாமை விதை கட்டி வச்சிருந்தாங்க, கொட்டிட்டுக் கொண்டாந்தேன்" என்றாள். மடிப்புகளில் சாமை இன்னும் ஒட்டியிருந்தது. எத்தனை முறை உதறினாலும் கிட்டாரின் வட்டத் துளைக்குள் ஒன்றிரண்டு விழும். வாசிக்கும்போது உள்ளே உருளும்.

ஆறாம் தாளில்தான் மாட்டினேன். அது நம் வகுப்புப் பையன் ஒருவனிடம் இருந்தது. வகுப்புக்குள் கொடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு வரச் சொன்னான். அவன் நீட்ட, நான் வாங்க, கணக்கு வாத்தியார் பார்த்துவிட்டார். பையைக் கொட்டச் சொன்னார். அதுவரை சேர்த்த ஆறு தாள்களும் விழுந்தன.

ஆசிரியர்கள் அறையில் தாள்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு அவர் விசாரித்தார். எம் என்றால் யார், ஏ என்றால் யார் என்று கேட்டார். பையனின் பெயருக்கு முதல் எழுத்தும் எம்மாக இருந்து தொலைத்தது. ஒன்று, நான்கு, இரண்டு என்று போட்டிருக்கிறதே, இது சந்திக்கிற மணியா என்றார்.

"விரலுங்க சார்" என்றேன்.

அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வராமல் வகுப்புக்குள் காலை வைக்கக்கூடாது என்றார். அவரை நான் பல வருஷம் வெறுத்தேன். இப்போது யோசித்தால் வேறு ஒன்று தெரிகிறது. அதற்கு முந்தைய வருஷம்தான் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பையில் ஒரு கடிதம் கிடைத்து, அவள் படிப்பை நிறுத்தி ஒரே மாதத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், அவருடைய மாணவி. அன்று என்னைத் திட்டும்போது அவர் குரல் நடுங்கியதை நான் கோபம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார், சட்டையில் டிங்சர் வாசனையோடு. தலைமையாசிரியர் அறையில் அவரை உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவில்லை. கணக்கு வாத்தியார் தாள்களை நீட்டி, உங்கள் பெண்ணுக்கு வந்தது, நீங்களே படியுங்கள் என்றார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே இருந்த தாளைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். நான் அழுவதற்குத் தயாராக நின்றிருந்தேன்.

"இது எங்க டாக்டரம்மா எழுத்துங்க" என்றார் அப்பா.

யாருக்கும் புரியவில்லை. அப்பா விரலை வைத்துக் காட்டினார். "இந்த ஏழாம் நம்பரைப் பாருங்க சார், நடுவுல குறுக்குக் கோடு போட்டிருக்காங்க. ஒண்ணுக்குத் தலையில கொம்பு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல யாரும் இப்படிப் போடமாட்டாங்க. பதினோரு வருஷமா இந்த எழுத்தைப் படிச்சுத்தான் மருந்து கொடுத்துட்டு வந்தேனுங்க."

வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் பல வருஷம் இருந்த டாக்டரம்மாவை உங்களுக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேரின் அம்மாக்களுக்கு அவர்தான் பிரசவம் பார்த்திருப்பார். அந்த மார்ச்சில் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். தினமும் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை தன் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொள்வார், யாரும் தட்டக்கூடாது. மனிதர்களோடு ஒட்டாத கர்வம் என்று அப்பாவே வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு மணி நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இப்போது மேசைமேல் பரப்பிக் கிடந்தது. அவர் போனபின் குவார்ட்டர்ஸைச் சுத்தம் செய்தவர்கள் அலமாரியிலிருந்த காகிதத்தையெல்லாம் ஒன்றாகக் கட்டிக் கடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் அப்போதும் நம்பியதாகத் தெரியவில்லை. அப்பா அவர் கையிலிருந்த மதிப்பெண் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க நோட்டுக்கும் அதே தாளைத்தான் போட்டிருக்கீங்க போலிருக்குதுங்க" என்றார்.

தலைமையாசிரியர் கையை நீட்டி நோட்டை வாங்கினார். அட்டையின் ஓரத்தை அவரே பிரித்தார். உள்பக்கம் ஐந்து கோடுகள். அதுதான் முதல் தாள். மேலே ஆங்கிலத்தில் தலைப்பு எழுதியிருந்தது. செல்லோ என்னும் பெரிய வயலின் போன்ற வாத்தியத்துக்காக முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது என்றும், கிட்டாருக்கு ஏற்றபடி மாற்றியிருப்பதாகவும், கீழ்ச்சுரங்களைத் தானே சேர்த்ததாகவும் குறிப்பு, அதற்குக் கீழே டாக்டரம்மாவின் கையெழுத்து. தலைமையாசிரியர் அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, அப்படியென்றால் இந்தப் பெண் நாளைக்கு வாசித்துக் காட்டட்டும் என்றார்.

மறுநாள் மத்தியானம் அவருடைய அறையில் வாசித்தேன். நாற்காலி உயரம், இடது காலுக்கு முட்டுக் கொடுக்கச் சாக்பீஸ் பெட்டி வைத்தார்கள். முதல் தாளை முந்தைய சாயங்காலம்தான் பழகியிருந்தேன், அது தடுக்கித் தடுக்கிப் போயிற்று. இரண்டாம் தாளில் விரல்கள் எனக்கு முன்னால் ஓட ஆரம்பித்தன. மூன்று, நான்கு. மேசைமேல் தாளைத் திருப்பிப் போட ஆள் வேண்டும், பலகாரக் கடைக்காரர் மகள் நின்று திருப்பினாள். ஆறாம் தாளில் ஒரு இடம் உண்டு, கீழே நடக்கிறவர் அப்படியே நின்றுவிடுவார், மேலே ஓடுகிறவர் தனியாக ஏறி ஏறிப் போவார். அங்கே ஒரு தப்பும் செய்யவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் எதையும் செய்ததில்லை. ஏழாம் தாளின் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினேன்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றார் தலைமையாசிரியர்.

"அடுத்த தாள் இல்லீங்க சார்."

கணக்கு வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். மறுநாள் காலையில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லோரும் நோட்டு அட்டையைக் கழற்றிக் காட்ட வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்ததே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? காரணம் சொல்லாமல் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்த்தவர் அவர்தான். எட்டாம் தாள் கிடைக்கவில்லை. கடைக்காரரிடமும் போய்க் கேட்டிருக்கிறார். அந்தக் காகிதக் கட்டில் பாதியைக் கடத்தூர் வியாபாரி ஒருவர் வாங்கிப் போய்விட்டதாகத் தெரிந்தது. கடத்தூருக்கும் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். என்னிடம் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தேடிப் போனதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்பா டாக்டரம்மாவுக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். எழுதினால் திருப்பிக் கேட்பார்கள். எழுத வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"அவங்க பொருளுதானே கண்ணு. நம்மகிட்ட இருக்குதுன்னு சொல்லாம எப்படி இருக்கிறது?" என்றார் அப்பா. ஆஸ்பத்திரி ஆபீசில் முகவரி வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் எழுதினார்.

பொங்கல் கழித்துப் பதில் வந்தது. நான் பிரிக்கவே விடவில்லை, அப்பா சிரித்துக்கொண்டே பிடுங்கிப் பிரித்தார். பெட்டிகளையெல்லாம் தலைகீழாகக் கொட்டித் தேடிவிட்டேன், தொலைந்தது என்று ஏறக்குறைய ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார். வேறு பிரதி கிடையாதாம். நினைவிலிருந்து மறுபடி எழுத முயன்றால் நடுப்பகுதி வரவே இல்லையாம், முடிவு மட்டும் விரல்களில் இருக்கிறதாம். அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. மூலையில் எட்டு என்று எண். நினைவில் இருந்த அந்த முடிவை எனக்காகப் புதிதாக எழுதி, சிறிய கைக்கு எட்டுகிறபடி விரல் எண்களையும் மாற்றிப் போட்டிருந்தார்.

அன்று மத்தியானம் முழுக்க எட்டாம் தாளை வாசித்தேன். கடைசிக் கட்டத்தில் இருவரும் வந்து நின்ற பிறகு, ஆறு நரம்புகளும் ஒன்றாக அதிர்ந்து அடங்கும்வரை காதைக் கிட்டாரின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். முழுசாகக் கையில் வந்த அன்றே ஏழு தாள்களைக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிரதி எடுக்கலாம் என்றவள் பலகாரக் கடைக்காரர் மகள். கோடு போடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஐந்து பேனா ரீஃபில்களை வரிசையாக நூலால் கட்டி, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பில் ஐந்து கோடும் போட்டாள். மூன்று வாரம் பள்ளி விட்டதும் எழுதினேன். வாசிக்கும்போது கவனிக்காத எத்தனையோ, எழுதும்போது தெரிந்தன. செல்லோவில் இல்லாத ஒரு கீழ்ச்சுரத்தை டாக்டரம்மா எங்கே சேர்த்திருக்கிறார், எங்கே அடித்துவிட்டு வேறு போட்டிருக்கிறார், எங்கே சேர்க்காமல் சும்மா விட்டிருக்கிறார் என்று. நம் ஊர் மத்தியானத்தில், வியர்வை வழிய, அவரும் இப்படித்தானே யோசித்திருப்பார்.

மூலத் தாள்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். என் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. சித்தப்பாவின் கிட்டார் வெடித்து எப்போதோ போய்விட்டது. இது மூன்றாவது கிட்டார். இப்போதெல்லாம் கைப்பேசியில் தேடினால் அந்தக் காலத்து இசை ஒவ்வொன்றுக்கும் இருபது பேர் கிட்டாருக்கு மாற்றி எழுதியிருப்பது கிடைக்கிறது. புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் இன்றைக்கும் சோறு ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறேன். பரோக் காலத்து இசை என்று அதற்குப் பெயர் இருப்பதே எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

மூலத் தாள்கள் போன அந்த வருஷமே, மே மாதத்தில் டாக்டரம்மாவிடமிருந்து ஒரு சின்னப் பார்சல் வந்தது. உள்ளே ஒரு கேசட். எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. தெருவில் இருந்த ஒரே டேப் ரெக்கார்டர் பலகாரக் கடையில் சாமிப் பாட்டு போடுவதற்கு வைத்திருந்தது. அன்று சந்தை நாள். கடையில் நிற்க இடம் இல்லை. என் சிநேகிதியின் அப்பா சாமிப் பாட்டை நிறுத்திவிட்டு எங்கள் கேசட்டைப் போட்டார். நானும் அப்பாவும் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றோம்.

டாக்டரம்மா முதல் தாளிலிருந்து ஆரம்பித்தார். நான் வாசிப்பதைவிட மெதுவாக. பக்கோடா பொரிகிற சத்தத்துக்கு நடுவில் கட்டைவிரல் சுரங்கள் மட்டும் தனியாகக் கேட்டன. ஐந்தாம் தாளில், எனக்கும் தடுக்குகிற அதே இடத்தில், அவருக்கும் தடுக்கியது. நின்றுவிட்டார். ஒரு மூச்சு விடும் சத்தம். அப்புறம் தமிழில், "தப்பாப் போச்சு. மறுபடி" என்றார்.

பக்கோடா வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பினார். "இது நம்ம டாக்டரம்மா குரல் இல்லீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தலையாட்டினார். அந்த அம்மா வெளியே நின்றிருந்த தன் மகளைக் கூப்பிட்டார், மகள் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் கடைக்குள் வந்தார்கள். கடைக்காரர் அடுப்பைத் தணித்தார். என்ன வாத்தியம், என்ன பாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசிக்கிறது யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆறு போயிற்று, ஏழு போயிற்று. எட்டாம் தாளில் இருவரும் வந்து நின்றார்கள். நரம்புகள் அடங்கின. நாடா மட்டும் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது, யாரும் நிறுத்தவில்லை. அப்பா தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு டேப் ரெக்கார்டருக்கு நேராக ஒரு அடி முன்னால் வந்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்கம்மா" என்றார்.